கடலுக்குப் போகாத நாளில் கூப்பிடுங்கள்

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பிள்ளைகள் படிக்கிற கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கும், உதவித்தொகைப் பிரிவில் பணிபுரியும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை என் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். பாம்பன் தீவின் தென்கரையில் உள்ள எங்கள் ஊரில் சிறிய இ-சேவை மையம் ஒன்றை நடத்துகிறேன். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம், உதவித்தொகை விண்ணப்பம் என்று கரையில் யாருக்கு எந்தத் தாள் வேண்டுமென்றாலும் கடைசியில் என் வாசலுக்குத்தான் வருவார்கள். அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விண்ணப்பத்தில் இருப்பது அப்பாவின் கையெழுத்துத்தானா என்று சந்தேகமாக இருக்கிறது, திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் அவரை நேரில் அழைத்து வர வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, திங்கட்கிழமை எப்படி அக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உங்களுக்குத் தேவைப்படலாம். இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள் கடலுக்குப் போகின்றன: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பும் விசைப்படகு மறுநாள் காலைதான் கரை திரும்பும். பிடிபட்ட மீனில் பங்குக்குப் போகிறவர் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய பங்கு இல்லை. அடுத்த முறை அவர் இடத்தில் வேறு ஆள் ஏறியிருக்கவும் கூடும். செவ்வாயும் வியாழனும் இரவெல்லாம் வலை இழுத்த உடம்போடு கரையில் இருப்பார். வெள்ளிக்கிழமை முழு நாளும் கரையில் இருப்பார். "வெள்ளிக்கிழமை அழைத்து வா" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் அப்பா குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறியிருப்பார். திங்கள் என்று சொன்னதால் சித்தப்பாவை அழைத்துப் போனாள். சித்தப்பா செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். போகவர எண்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டு பேர், ஒரு நாள்.

இந்த மடலில் நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒரு கிழமைக்குள் இருக்கிறது. உங்கள் அலுவலகங்களில் திட்டங்களுக்குக் குறைவில்லை, பலகைகளுக்கும் குறைவில்லை. உங்கள் நாட்காட்டியில் கடல் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அன்று இருந்தவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், அவர்கள் மீது எனக்குப் பகையும் இல்லை. எங்களுக்கு முதல் ஷிப்ட். காலை எட்டரைக்கு வகுப்பு தொடங்கும். அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும். மாணவர்களுக்கான ஜன்னல் மாலை மூன்று மணிக்குத்தான் திறக்கும். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்து, பஸ் ஏறி, பாலம் தாண்டி, ஊருக்குள் நடந்து வீடு சேரும்போது மூன்று ஆகியிருக்கும். ஜன்னல் திறக்கும் நேரத்தில் நான் வீட்டுத் திண்ணையில் இருப்பேன். மூன்று மணி வரை காத்திருந்தால் கூட்டத்தில் நின்று முடிக்க நாலரை ஆகும், வீடு போய்ச் சேர இருட்டிவிடும். இருட்டிய பிறகு தனியாக வரும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது என் அம்மாவின் கவலை. ஆகவே நான் ஜன்னலுக்குப் போவதையே தள்ளிப்போட்டேன். இரண்டாம் ஆண்டு உதவித்தொகைக்குக் கடைசித் தேதி போனது எனக்குத் தெரியாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்களாம், அந்தப் பலகை இரண்டாவது மாடியில் இருந்தது.

அந்த ஆண்டுத் தேர்வுக் கட்டணத்துக்கு அம்மா தன் தோட்டை அடகு வைத்தார். மீட்கவே முடியவில்லை. அம்மாவின் காது இன்றும் வெறுமையாக இருக்கிறது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். எங்கள் கரையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத நீரில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு அதற்கும் பல கட்டுப்பாடுகள் வந்துவிட்டன, அது வேறு கதை. பாறையிலும் பவளத்திலும் கை உரசி விரல்களின் தோல் கிழிந்துவிடும். அதற்காகத் துணியைக் கிழித்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிக்கொண்டு போவார்கள். இருபது முப்பது ஆண்டுகள் இந்த வேலை செய்த ஒரு தாயின் கட்டைவிரலை ரேகைக் கருவியில் வைத்துப் பாருங்கள். கருவிக்கு எதுவும் தெரியாது. என் மேசையில் வாரம் ஒரு முறையாவது இது நடக்கிறது. ஐந்து முறை, ஆறு முறை வைத்து எடுக்கிறோம். எண்ணெய் தேய்க்கிறோம், துடைக்கிறோம், மறுபடி வைக்கிறோம். "என் கை அழிந்துபோச்சு தாயீ" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்பது போலச் சொல்கிறார்கள். கருவிழி, முகம் என்று வேறு வழிகள் உண்டு. அந்த வழிகளைத் தெரிந்த ஒருவர் கல்லூரி அலுவலகத்திலோ வங்கியிலோ பக்கத்தில் நின்றால் பத்து நிமிட வேலை. தெரிந்தவர் இல்லாதபோது "ரேகை விழவில்லை, அப்புறம் வாருங்கள்" என்று முடிந்துவிடுகிறது. அழிந்த ரேகை அப்புறம் வருவதில்லை.

ஓடிபி இன்னொரு சங்கடம். வருமானச் சான்றிதழுக்கு 60 ரூபாய் கட்டணம், அதன் செல்லுபடி ஓராண்டுதான், எனவே ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த வேலை உண்டு. பதிவு செய்த கைப்பேசி பெரும்பாலும் அப்பாவுடையது. அந்தக் கைப்பேசி அப்பாவோடு கடலில் இருக்கிறது. எண் அனுப்பிவிட்டேன் என்று திரை சொல்கிறது, பிள்ளை என் முன்னால் அமர்ந்திருக்கிறது, எண் போய்ச் சேர வேண்டிய கருவி கோபுரமே எட்டாத தொலைவில் இருக்கிறது. கடைசித் தேதி புதன்கிழமை என்று நீங்கள் அறிவிக்கும்போது எங்கள் வீடுகளில் அது செவ்வாய்க்கிழமை என்றே பொருள்படும்.

பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, வீட்டில் அழைப்பது ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கேட்டு எழுதியது ஒன்று. அந்தோணி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதிய தாள்கள் ஒரே குடும்பத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அப்பா பெயரின் முன்னொட்டும் பின்னொட்டும் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி. தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவில் புள்ளி இருக்கிறதா இடைவெளி இருக்கிறதா என்பதில் ஆயிரம் ரூபாய் மாதத் தொகை நின்றுபோன பிள்ளைகள் உண்டு.

அந்த ஆயிரம் ரூபாய் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப்பெண் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு அது கிடைத்தது. எங்கள் கரையில் பல பிள்ளைகள் படித்தது தேவாலயங்கள் நடத்தும் அரசு உதவி பெறும் பள்ளிகளில். ஒரே தெருவில், ஒரே வறுமையில், ஒருத்திக்குக் கிடைத்தது, ஒருத்திக்கு இல்லை. 2024 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது, ஆண் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. 2024 டிசம்பர் 30 அன்று உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் புதுமைப்பெண் விரிந்தது. அந்தச் செய்தி வந்த வாரத்தில் என் மையத்தில் நிற்க இடமில்லை. ஏற்கெனவே கல்லூரியில் இருந்த பெண்களில் எத்தனை பேருக்குத் தங்களுக்கும் இப்போது உண்டு என்று கல்லூரியே கூப்பிட்டுச் சொன்னது என்று விசாரித்தேன். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தெருவில் கேள்விப்பட்டு வந்தவர்கள்.

பணம் வரவில்லை என்று பிள்ளைகள் வரும்போது நான் முதலில் பார்ப்பது ஆதாரோடு எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதைத்தான். அரசு நேரடியாக அனுப்பும் தொகை கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு கணக்கு, கல்லூரியில் சேரும்போது வளாகத்துக்கு வந்த வங்கிக்காரர்கள் திறந்த கணக்கு, தபால்காரர் வீட்டுக்கு வந்து திறந்துகொடுத்த கணக்கு என்று மூன்று இருக்கும். பிள்ளை ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டு பணம் வரவில்லை என்று அழுதுகொண்டிருக்கும். பணம் இன்னொன்றில் எட்டு மாதமாக விழுந்து கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். கல்லூரியில் அந்த ஐந்து நிமிடத்தை யார் கொடுப்பது என்பதுதான் இதுவரை முடிவாகவில்லை. உதவித்தொகைப் பிரிவு வங்கியைக் கேள் என்கிறது, வங்கி கல்லூரியைக் கேள் என்கிறது, கல்லூரி, மாணவர் விவரங்களைப் பதியும் யூமிஸ் தளத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, துறையைக் கேள் என்கிறது. பந்து போல உருள்கிற பிள்ளைக்கு மூன்றாவது முறை பஸ் ஏற மனம் வராது. சிலர் அந்தத் தொகையையே விட்டுவிடுகிறார்கள். ஒரு சிலர் படிப்பையும்.

இங்கே ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது எங்கள் அலுவலகத்துக்கு மாறுதலாகி வந்த ஒரு எழுத்தர். நீளமான பேரேடு ஒன்று வைத்திருப்பார். யார் வந்து எது கேட்டாலும் முதலில் பெயர், ஊர், பஸ் நேரம் மூன்றையும் அதில் எழுதுவார். பஸ் நேரத்தை எதற்காக எழுதுகிறார் என்று எனக்கு அன்று புரியவில்லை. கூட்டம் சேர்ந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து, "ஒன்றேகால் வண்டிக்குப் போகிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்பார். வேலை முடியாவிட்டால் பெயருக்கு நேரே, எங்கே நிற்கிறது, அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டு, "நீ மறுபடி வர வேண்டாம் அம்மா, முடிந்ததும் உன் துறையில் சொல்லி அனுப்புகிறேன்" என்பார். சொன்னபடியே அனுப்புவார். விட்டுப்போன ஆண்டின் உதவித்தொகைக்காக அவர் மூன்று கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. ஆனால் மூன்றாம் ஆண்டுத் தொகை வந்தது, நான் பட்டம் வாங்கினேன். இன்று என் மேசையிலும் ஒரு பேரேடு இருக்கிறது. பஸ் நேரத்துக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு.

அவருக்குத் தனி அதிகாரம் எதுவும் இல்லை. தன்னிடம் வந்த பிள்ளையின் வேலை முடியும் வரை அது தன் வேலை என்று நினைத்தார். ஒவ்வொரு கல்லூரியிலும் அப்படி ஒருவரை முறைப்படி நியமியுங்கள் என்பது என் முதல் வேண்டுகோள். உதவித்தொகை, சான்றிதழ், பஸ் பாஸ், விடுதி, வங்கிக் கணக்கு, பெயர்த் திருத்தம் எதுவானாலும் பிள்ளை அவர் ஒருவரிடம் போனால் போதும். மற்ற மேசைகளுக்கு அவர் போகட்டும். முதல் ஷிப்ட் பிள்ளைகள் வகுப்புக்கு முன் வரக் காலை எட்டுக்கும், இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகளுக்காக மாலையிலும் அந்த ஜன்னல் சிறிது நேரம் திறந்திருக்கட்டும். அது தரைத்தளத்தில் இருக்கட்டும், சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். இராமேசுவரம் பக்கத்துப் பெற்றோரை அழைப்பதென்றால் வெள்ளிக்கிழமை அழையுங்கள், தொழுகைக்குப் போகிறவர்களுக்காகக் காலையிலேயே அழையுங்கள். தொண்டிப் பக்கமும் மூக்கையூர்ப் பக்கமும் கடலுக்குப் போகிற முறை வேறாக இருக்கும். பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிவைக்க ஒரு பேரேடு போதும்.

விதிகள் உங்கள் பக்கமே இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் வெளியிட்ட மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள், உதவித்தொகை தாமதத்தையும் சான்றிதழைத் திருப்பித் தராமல் வைத்திருப்பதையும் குறை என்றே வரையறுக்கின்றன. குறைதீர்ப்புக் குழு 15 வேலைநாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். என் மையத்துக்கு வரும் பெண்களிடம் உங்கள் கல்லூரியில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. பெயர்ப்பலகை எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. சேர்க்கை நாளன்று அந்த உறுப்பினர்கள் வகுப்பு வகுப்பாக வந்து நின்று தங்கள் முகத்தைக் காட்டினால் எவ்வளவு மாறும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி எழுதப்போவது எழுதக் கடினமானது.

எங்கள் கரையில் அப்பா கடலுக்குப் போனார் என்றால் நாளை வருவார் என்று பொருள். சில நாட்கள் வருவதில்லை. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டது என்று ஆலய ஒலிபெருக்கியில் சொல்வார்கள், அல்லது வாட்ஸ்அப்பில் பெயர்ப்பட்டியல் வரும். தலைமன்னாருக்குக் கொண்டுபோனார்கள், மன்னார் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள், வவுனியா சிறையில் வைத்தார்கள் என்று ஒவ்வொரு செய்தியாக வரும். காவல் இரண்டு வாரம் நீட்டிப்பு, மறுபடி இரண்டு வாரம். விடுதலையானால் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து ஊர் வருவார்கள். அந்த நாட்களில் அந்த வீட்டுப் பிள்ளை கல்லூரிக்கு வருவதில்லை. அம்மாவோடு மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மனுவோடு அலைகிறது. பையனாக இருந்தால் அப்பாவுக்குப் பதிலாக வேறு படகில் ஏறுகிறான். திங்கள், புதன் இரண்டு நாளும் போனால் செவ்வாய், வியாழன் தூக்கத்தில் போகிறது. வாரத்தின் ஐந்து வகுப்பு நாட்களில் ஒன்றுதான் மிச்சம்.

பருவ முடிவில் 75 சதவீத வருகை இல்லை என்று அவன் பெயர் பட்டியலில் வருகிறது. மருத்துவச் சான்றிதழ் கொண்டு வா என்கிறார்கள். அவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. அவன் அப்பா சிறையில் இருந்தார். அதற்கு எந்த மருத்துவர் சான்றிதழ் தருவார்? காய்ச்சலுக்குத் தரும் சலுகையைக் கைதுக்கும், கடலில் காணாமல் போனவரின் பிள்ளைக்கும், புயல் எச்சரிக்கைக் காலத்துக்கும் தர ஒரு நடைமுறையைக் கல்லூரிக் குழுக்களில் வைத்துத் தீர்மானமாக எழுதுங்கள். மீன்வளத் துறையின் கடிதமோ பங்குத்தந்தை, ஜமாஅத், ஊர்த் தலைவர் இவர்களில் ஒருவரின் கடிதமோ போதும் என்று எழுதுங்கள். பேராசிரியர்கள் பலர் தனிப்பட்ட இரக்கத்தில் இதைச் செய்கிறார்கள் என்பதை அறிவேன். அந்தப் பேராசிரியர் இடம் மாறினால் இரக்கமும் மாறிப்போகிறது. தாளில் இருந்தால் அது அந்தப் பையனின் உரிமையாகும்.

மனநல உதவிக்கு 14416 என்ற தொலைபேசி எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் பேசலாம். நல்ல ஏற்பாடு. அப்பாவின் பெயரைப் பிடிபட்டவர்கள் பட்டியலில் பார்த்த பிள்ளை அறிமுகமில்லாத குரலோடு பேசத் தொடங்குவதற்கு முன், தெரிந்த முகம் ஒன்று "சாப்பிட்டாயா?" என்று கேட்க வேண்டும். மண்டபம் முகாமிலிருந்து படிக்க வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2021-இலிருந்து அது மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படுகிறது. பெயர் மாறியது மகிழ்ச்சி. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொரு படிவத்திலும் "குடியுரிமை" என்ற கட்டத்தின் முன் பேனாவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தக் கட்டத்தை நிரப்ப உதவும்போது குரலைத் தாழ்த்திப் பேசுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் கேட்கும்படி கேட்காதீர்கள்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுப் பிள்ளைகளுக்கு பஸ் மட்டுமே வழி. அந்தக் காலத்தில் முதல் மணி வகுப்பில் தாமத வருகை என்று எத்தனை பேருக்குக் கோடு விழுந்திருக்கும்! இப்போது ரயில் வந்துவிட்டது. அடுத்து ஒரு பாலம், ஒரு சாலை, ஒரு புயல் என்று ஏதாவது நடக்கும்போது கல்லூரி நேரமும் அதற்கேற்ப அசைய வேண்டும்.

இப்போது என் முக்கியமான வேண்டுகோளுக்கு வருகிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன் இனம் பெருகட்டும் என்று விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வீட்டில் காசு இருக்காது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மாநாட்டில் தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தி முதலமைச்சர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அதுதான். வலை வாங்கவும் படகு பழுது பார்க்கவும் அதே நாட்களில் கடன் ஏறும். பருவத் தேர்வும், புது ஆண்டுச் சேர்க்கையும், கட்டணங்களும் சரியாக அந்த நாட்களில்தான் வந்து நிற்கின்றன. ஆகவே கட்டணத்தின் கடைசித் தேதியை எங்கள் பிள்ளைகளுக்கு ஜூலைக்குத் தள்ளிவையுங்கள், தவணையில் கட்ட விடுங்கள் என்று கேட்கிறேன். இது பலர் கேட்டதுதான்.

இதுவரை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பது இனிமேல் வருவது. அந்த 61 நாட்களில் ஊரில் எல்லோரும் இருக்கிறார்கள். அப்பா இருக்கிறார், அவருடைய கைப்பேசி இருக்கிறது, அதில் ஓடிபி வருகிறது. பாசி எடுக்கும் பெண்களும் தடைக்காலத்தை ஒட்டித் தாங்களாகவே சில வாரங்கள் கடலுக்கு ஓய்வு கொடுப்பார்கள், எனவே அம்மாவும் இருக்கிறார். ஆண்டில் வேறு எந்த நாளிலும் ஒரு மீனவக் குடும்பத்தின் எல்லாக் கைகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை. நீங்கள் ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகளிடம் கேட்கும் ஒவ்வொரு தாளையும் மே மாதத்தில் எங்கள் ஊரிலேயே முடித்துவிடலாம். வருமானச் சான்றிதழ், பெயர்த் திருத்தம், கணக்கு இணைப்பு, முதல் பட்டதாரிச் சான்றிதழ், கையெழுத்துச் சரிபார்ப்பு எல்லாம் முடியும். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர், வருவாய்த் துறையிலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர், மடிக்கணினி இரண்டு வந்தால் ஒரு கிராமத்துக்கு ஒரு நாள் போதும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று இறங்கி வந்தால் ஒரு மாதத்தில் மாவட்டக் கரை முழுவதையும் முடித்துவிடலாம். வகுப்புகள் இல்லாத மே மாதத்திலும் உங்கள் அலுவலகம் இயங்குகிறது. புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்கும் அங்கேயே விண்ணப்பம் போட்டுவிடலாம்.

அதோடு வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்தும் ஒருவர் வரட்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இருந்தது எங்கள் மண்டபத்தில்தான். அதன் மண்டல மையத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகிற விலங்கியல் மாணவி, ஒரு நாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்கிறாள். தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருப்பது தொண்டிக்குத் தெற்கே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. மீனவர் பிள்ளைகள் கடலோரக் காவல்படையிலும் கப்பற்படையிலும் சேரக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நடத்தும் இலவசப் பயிற்சியைப் பற்றி, அதற்குரிய வயது கடந்த பிறகு என்னிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிகளில் கணினிப் படிப்புகளின் பெயர்களாக இருக்கின்றன, நல்லதுதான். நீரோட்டமும் காற்றும் பிறப்பிலிருந்தே தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த அறிவை வைத்தே ஒரு வேலை உண்டு என்று சொல்ல ஆள் வேண்டும். கச்சான் காற்று எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிற பையன், கடலியல் என்றொரு படிப்பு இருக்கிறது என்று தெரியாமல் கையில் கிடைத்த ஏதோ ஒரு பாடத்தில் சேர்ந்து, அரியர் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

உங்கள் சிரமமும் எனக்குத் தெரியும். எழுத்தர் பணியிடங்கள் காலியாக இருக்கும்போது ஒருவரே மூன்று மேசையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. சர்வர் படுத்துவிட்டால் பிள்ளைகள் திட்டுவது ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவரைத்தான். கடைசித் தேதியை வகுத்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள், கண்ணீரைப் பார்ப்பது நீங்கள். நானும் கருவியின் பின்னால் அமர்ந்திருப்பவள்தான், அந்தக் களைப்பை அறிவேன். காலியிடங்களை நிரப்பும்படி உயர்கல்வித் துறைக்கு நீங்கள் எழுதினால், கரையோர ஊர்கள் ஒவ்வொன்றிலும் கையெழுத்து வாங்கி அந்தக் கோரிக்கையோடு இணைத்து அனுப்ப நான் பொறுப்பேற்கிறேன்.

எங்கள் தீவில் பிறந்த அப்துல் கலாமின் படம் உங்களில் பலருடைய அறைகளில் தொங்குகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் அவருக்கு இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வரும். அன்று கேட்பதற்கு ஓர் உதவித்தொகை ஜன்னல் எங்கள் கரையிலிருந்து எட்டும் தொலைவில் இல்லை, அதனால் வளையல் போனது. என் அம்மாவின் காலத்தில் ஜன்னல் இருந்தது, மூன்று மணிக்குத் திறந்தது, அதனால் தோடு போனது. அந்தச் சனிக்கிழமை வந்த பெண்ணின் அப்பா மறு வாரம் ஒரு புதன்கிழமைப் பங்கை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வியாழக்கிழமை காலையில் அவர் படகு நல்ல இறால் பிடிப்போடு கரைக்கு வந்தது. அந்தப் பெண் பாலத்தடியில் நின்று அதைப் பார்த்தாளாம். அன்று மாலை என் மேசைக்கு வந்து, கையெழுத்துச் சரியாகிவிட்டது அக்கா என்று சொன்னாள். மேலே பேசவில்லை.

வரும் ஏப்ரல் 15-க்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையிலும் வாருங்கள். எங்கள் ஆலயத்துக்குப் பக்கத்தில் ஊர்க்கூடம் இருக்கிறது. மின்விசிறி நான்கு, நீள மேசை மூன்று, இணைய இணைப்புக்கு என் மையத்திலிருந்து கம்பி இழுத்துவிடலாம். ரேகைக் கருவியும் கருவிழிக் கருவியும் நான் கொண்டு வருகிறேன். மதியச் சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாள் எத்தனை பேர் வருவார்கள், யார் யாருக்கு என்ன தாள் வேண்டும் என்ற பட்டியலை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வந்து தருகிறேன். எந்த ஜன்னலில், எத்தனை மணிக்குத் தர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாம்பன் தீவின் தென்கரையிலிருந்து
ஒரு பழைய மாணவி